வேனுக்குள் இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு: ஹீட்டர் கோரை வீட்டிலேயே மாற்றலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து 58 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2006ஆம் ஆண்டு டாட்ஜ் கிராண்ட் கேரவன். 3.3 லிட்டர் வி6 எஞ்சின், பின்வரிசைக்குத் தனி ஹீட்டர், ஓடியது 240,000 கிலோமீட்டர். நவம்பரிலிருந்து வேனுக்குள் இனிப்பு வாசனை வருகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கம் எத்தனை முறை துடைத்தாலும் பிசுபிசுப்பான படலம் திரும்பப் படிகிறது. ஓட்டுநர் பக்கத்துக் கார்ப்பெட் ஒட்டுகிறது, பயணி பக்கத்துக் கார்ப்பெட் நனைந்து கிடக்கிறது. சிக்னலில் நின்றால் குளிர்காற்று, வேகமெடுத்தால் சூடு. இதை வைத்து ஹீட்டர் கோர் அடைத்துவிட்டது என்கிறார்; எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக ஓடி, வேனுக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்தான் அது. வாரம் அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று போட்ட பச்சைக் கூலன்டும் குழாய்த் தண்ணீரும் ஊற்றி ஈடுகட்டி வருகிறார். கார்ப்பெட் ஈரத்தில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்ததில் இனித்தது என்கிறார்.

கராஜில், ஹீட்டர் கோரை மாற்ற டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், 1,350 டாலர் ஆகும் என்றார்களாம். அதே கோர் இணையத்தில் 85 டாலர். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, இரண்டு வார இறுதிகளில் நாமே முடித்துவிடலாம் என்கிறார் மகன். கசிவு அடைக்கும் மருந்தை ஊற்றினால் போதும் என்கிறார் மச்சான். கோருக்குப் போகும், திரும்பும் இரண்டு ரப்பர் ஹோஸையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு ஏப்ரல் வரை ஓட்டலாம் என்கிறார் நண்பர். ஹீட்டர் வெறும் சொகுசுதானே என்று இவரும் எழுதியிருக்கிறார். இரண்டு வயதுப் பேரப்பிள்ளை தினமும் இந்த வேனில்தான் டேகேருக்குப் போகிறது. அந்த வாசனை பிள்ளைக்குக் கெடுதலா என்று மனைவி பயப்படுகிறார், அவருக்கும் வேனில் ஏறினால் தலைவலி. கராஜ் ஏமாற்றுகிறதா, எந்த வழியில் போவது என்பது கேள்வி. எஞ்சின் ஆயில், பிரேக் பேட் இரண்டையும் தாமே மாற்றிப் பழகியவர்.

பதில்

அன்பின் ஐயா,

பேரப்பிள்ளை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கூலன்டில் பாதி எத்திலீன் கிளைக்கால். அதன் ஆவியால் கண் எரியலாம், தொண்டை கரகரக்கலாம், தலை வலிக்கலாம். உங்கள் மனைவியின் தலைவலிக்கும் அது காரணமாக இருக்கலாம். ஆனாலும் முகர்வதால் மட்டும் பெரிய நஞ்சேற்றம் வருவது அரிது. ஆபத்து வாய்வழியாகத்தான். கீழே விழுந்த பிஸ்கட்டை அந்த ஒட்டும் கார்ப்பெட்டிலிருந்து எடுத்து வாயில் போடுகிற வயது, இரண்டு வயது. எத்திலீன் கிளைக்கால் உடலுக்குள் போய் மாறும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் போதும். கசிவு நின்று கார்ப்பெட்டும் சுத்தமாகும் வரை பிள்ளையை இந்த வேனில் ஏற்றாதீர்கள். வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் நச்சு ஆலோசனை மையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் அழையுங்கள். பிள்ளை சோர்ந்தோ தூங்கிவிழுந்தோ இருந்தால் 911. மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். நீங்கள் நாக்கில் வைத்த ஒரு துளியால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இனி அப்படிச் செய்ய வேண்டாம், அதைவிட நல்ல சோதனைகள் இருக்கின்றன.

இனி வேன். இந்த வேலை உங்களால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 85 டாலர் கோரை வாங்குவதற்கு முன், போனது கோர்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகள் எல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள் இல்லை.

கசிவு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இனிப்பு வாசனை, கண்ணாடிப் படலம், ஓட்டுநர் பக்க ஒட்டல் ஆகிய மூன்றும் ஹீட்டர் பெட்டிக்குள் கூலன்ட் கசிவதையே காட்டுகின்றன. உங்கள் வேனில் கோர் டாஷ்போர்டின் நடுவில், ஓட்டுநர் பக்கம் திறக்கும்படி இருக்கிறது. பயணி பக்க ஈரம் வேறாக இருக்கலாம். ஷூவில் வந்த பனி உருகியிருக்கலாம், ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம், வைப்பருக்குக் கீழுள்ள தட்டிலிருந்து மழைநீர் இறங்கியிருக்கலாம். வெள்ளைப் பேப்பர் டவலை இரண்டு பக்கமும் தனித்தனியே அழுத்தி எடுங்கள். நிறமோ வழுவழுப்போ இருந்தால் கூலன்ட். நிறமும் வாசனையும் இல்லாமல் காய்ந்துபோனால் தண்ணீர். பயணி பக்கம் வெறும் தண்ணீர் என்றால் கோரை மாற்றினாலும் அந்தப் பக்கம் நனைந்துகொண்டேதான் இருக்கும்.

நின்றால் குளிர், ஓடினால் சூடு என்பதை வைத்து கோர் அடைத்துவிட்டது என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது கூலன்ட் குறைந்து ஹீட்டர் வழிக்குள் காற்று புகுந்ததன் அடையாளம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வாட்டர் பம்பால் அந்தக் காற்றைத் தள்ள முடியாது, வேகம் கூடினால் தள்ளும். கூலன்ட் நிறைந்து எஞ்சினும் நன்றாகச் சூடான பிறகு, கோருக்குப் போகும் ஹோஸ் கொதித்து, திரும்பும் ஹோஸ் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால்தான் அடைப்பு.

முடிவான சோதனை அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டிக் கையால் பம்ப் செய்யும் கருவி அது. பாகங்கள் விற்கும் கடைகள் சிலவற்றில் முன்பணம் கட்டி இரவல் வாங்கலாம். எஞ்சின் முழுக்க ஆறியபின் கூலன்டை நிரப்பி, 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை ஏற்றுங்கள். மூடியில் அச்சிட்ட எண்ணைத் தாண்ட வேண்டாம். அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் தேடத் தொடங்குங்கள். கேஸ் பெடலுக்கு மேலே டார்ச் அடித்து, ஹீட்டர் பெட்டியின் இடது முனையைப் பாருங்கள். இந்த மாடலில் இரண்டு அலுமினியக் குழாய்கள் ஒரு சிறு தகடும் ஒற்றை ஸ்க்ரூவும் பிடித்திருக்க, ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் வழியாகக் கோருக்குள் செருகியிருக்கும். கோர் நன்றாக இருக்க, அந்த இரண்டு ஓ-ரிங் மட்டும் காய்ந்து கசிவதும் உண்டு. அப்படியானால் செலவு சில டாலர்கள்தான்.

பிறகு வேனுக்கு அடியிலும் பாருங்கள். பின் ஹீட்டருக்குப் போகும் உலோகக் குழாய்கள் தரைக்குக் கீழே ஓடி, வலது பின்சக்கரத்தை ஒட்டி மேலே ஏறுகின்றன. ஒன்டாரியோவின் வீதி உப்பில் இவை அரித்து ஓட்டையாவது இந்த வேன்களுக்கே உரிய நோய். வாரம் அரை லிட்டரில் பாதி அங்கே போய்க்கொண்டிருந்தாலும் வீதியில் சிந்துவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. புதுக் கோர் போட்டு, பழைய துருக்குழாயை விட்டுவைத்தால் அதே வேலையைப் பிப்ரவரியில் பாதிக்குத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

அழுத்தம் குறையவே இல்லை, ஆனால் கூலன்ட் மட்டும் குறைகிறது என்றால் ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சோதனை ஒன்று மிச்சம். நீல நிறத் திரவம் வைத்து, கூலன்டில் புகைவாயு கலக்கிறதா என்று பார்ப்பது. திரவம் மஞ்சளானால் ஹீட்டரை மறந்துவிட்டு எஞ்சினைப் பற்றி யோசியுங்கள்.

கராஜ் ஏமாற்றுகிறதா?

பாகத்தின் விலையை வைத்து இதைச் சொல்லவே முடியாது. ஹீட்டர் கோர் என்றாலே கூலிதான் பெரிது, பாகம் சிறிது. ஆனால் டாஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டும் என்ற பேச்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பல கார்களில் அது உண்மை. சிலவற்றில் ஏசியின் வாயுவை இறக்கிப் பெட்டி முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். 2001 முதல் 2007 வரையிலான கிராண்ட் கேரவனில் முன் கோரை மட்டும் மாற்ற டாஷ்போர்டும் இறங்க வேண்டாம், ஏசியும் திறக்க வேண்டாம். ஓட்டுநரின் கால் வைக்கும் இடம் வழியாகவே கோர் வெளியே வரும். உங்கள் மகன் பார்த்த வீடியோ எந்த ஆண்டு வண்டி என்பதையும் சரிபாருங்கள்.

கராஜுக்குப் போய், எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். பாகம் எது, கூலி எத்தனை மணி நேரம், கூலன்ட், ஹோஸ், ஏசி வேலை ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஏசி வாயு இறக்குவது பட்டியலில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின்குழாய்களையும் சேர்த்து மாற்றுகிறார்கள் என்றால் 1,350 நியாயமாகவே இருக்கலாம். ஒன்டாரியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்து மதிப்பீட்டை விடப் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புதிய பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. மதிப்பீட்டுக்கே கட்டணம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நீங்களே வாங்கிக்கொண்டு போகும் கோருக்குப் பல கராஜ்கள் பொறுப்பேற்க மாட்டார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மச்சானின் மருந்தும் நண்பரின் ஹோஸும்

கசிவு அடைக்கும் மருந்து ஊசித்துளையை அடைக்கும்தான். ஆனால் அது துளையைத் தேடிப் போவதில்லை, கூலன்ட் போகும் எல்லா இடத்துக்கும் போகிறது. வண்டியிலேயே மிகக் குறுகிய குழாய்கள் ஹீட்டர் கோருக்குள் இருப்பவை, பின் ஹீட்டரிலும் இன்னொரு கோர் இருக்கிறது. கூலன்டின் வேகம் குறையும் இடங்களில் அது படிந்து, நன்றாக இருக்கும் வழியையும் அடைக்கும். காய்ந்த ஓ-ரிங்கை அது கட்டாது. பச்சையும் குழாய்த் தண்ணீரும் ஏற்கெனவே கலந்திருக்கிற அமைப்பில் இதையும் ஊற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நண்பர் சொல்லும் வழி எஞ்சினுக்குக் கெடுதல் செய்யாது. கோருக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் ஒரு இணைப்பானால் சேர்த்துவிட்டால் கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், கசிவு உடனே நிற்கும். இரண்டையும் தனித்தனியே அடைத்துவிடக் கூடாது, சுற்றோட்டம் கெடும். ஆனால் இதைச் செய்தால் முன்கண்ணாடிக்குச் சூடு இல்லை. ஹீட்டர் வெறும் சொகுசு என்று எழுதியிருக்கிறீர்கள், அது அப்படியில்லை. முன்கண்ணாடியின் பனியையும் ஆவியையும் போக்கும் அமைப்புக்குக் கனடாவில் தனி வாகனப் பாதுகாப்புத் தரமே இருக்கிறது, எண் 103. ஒன்டாரியோ போக்குவரத்துச் சட்டம் ஓட்டுநருக்குக் கண்ணாடி வழியே தெளிவான பார்வை இருக்க வேண்டும் என்கிறது. ஜனவரியில் நான்கு பேர் மூச்சுவிடும் வேனில் கண்ணாடி நிமிடத்தில் வெளுத்துவிடும். வேனைக் கராஜுக்கோ வீட்டுக்கோ கொண்டுபோக ஒரு நாள் அப்படி ஓட்டலாம். ஏப்ரல் வரை ஓட்டக் கூடாது.

வேலையைத் தொடங்கினால்

−10 டிகிரியில் வெளியே நின்று செய்யாதீர்கள். 20 ஆண்டுப் பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் அந்தக் குளிரில் தொட்டாலே ஒடியும். சூடான கராஜ் கிடைக்கும் வார இறுதியைப் பாருங்கள். சர்வீஸ் மேனுவலின் அந்தப் பக்கங்களை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வார இறுதிகள் வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமையைக் கையிருப்பாக வையுங்கள். திங்கள் காலையில் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை: கோர், புதிய ஓ-ரிங் இரண்டு, ஹீட்டர் ஹோஸ், பிரேக் விளக்குச் சுவிட்ச், பிரேக் பூஸ்டர் (பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டும் பாகம்) தண்டைப் பெடலோடு பிடிக்கும் கிளிப், நீர் சேர்க்காத கூலன்ட் 3.78 லிட்டர் கேன் இரண்டு, காய்ச்சி வடித்த நீர் பத்துப் பன்னிரண்டு லிட்டர். புதுக் கோரின் இரண்டு துளைகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் 15 பிஎஸ்ஐ காற்று விட்டு, வாளித் தண்ணீரில் மூழ்கவைத்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பாகமே குமிழிவிடுவது நடக்கிற காரியம்தான். அதை மாட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிவது நல்லது.

முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. ஏர்பேக்கின் சேமித்த மின்சாரம் இறங்கக் குறைந்தது இரண்டு நிமிடம் வேண்டும் என்கிறது மேனுவல். நீங்கள் பத்து நிமிடம் விடுங்கள். எஞ்சின் ஆறியிருக்க, ரேடியேட்டரின் அடி வால்வைத் திறந்து வடியவிடுங்கள். அது பிளாஸ்டிக், பிளையரால் முறுக்காதீர்கள். வடிந்ததை அளவு குறித்த வாளியில் பிடியுங்கள், அந்த எண் பிறகு தேவைப்படும். எஞ்சின் பக்கம் எட்டும் இடத்தில் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுத்தால் அலுமினியக் குழாய் வளைந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள், எப்படியும் புது ஹோஸ்தானே போடப்போகிறீர்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தை ஒரு குழாயில் வைத்து, கோருக்குள் மிச்சமிருக்கும் கூலன்டை உறிஞ்சிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அத்தனையும் கார்ப்பெட்டில்தான் கொட்டும்.

உள்ளே, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியும் அதன் பின்னால் முழங்கால் பக்கம் இருக்கும் உலோகத் தகடும் இறங்கும். ஸ்டியரிங் தண்டு தரையைத் துளைத்துப் போகுமிடத்தில் உள்ள ரப்பர் உறையின் பிடிகளைக் கழற்றி ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்று ஸ்டியரிங் தண்டின் இணைப்பைப் பிரிக்க நேர்ந்தால், முதலில் சக்கரங்களை நேராக வைத்து ஸ்டியரிங் வளையம் சுழலாமல் கட்டிவிடுங்கள். அது ஒரு சுற்று கூடுதலாகச் சுழன்றாலும் உள்ளே இருக்கும் ஏர்பேக் நாடா அறுந்துபோகும்.

இனி வருவதுதான் இந்த வேலையில் கவனமாக இருக்க வேண்டிய இடம். கோர் வெளியே வர வழிவிட, பிரேக் விளக்குச் சுவிட்சையும் பிரேக் பூஸ்டரின் தண்டையும் பெடலிலிருந்து பிரிக்க வேண்டும். பெடலை அழுத்திப் பிடித்து, சுவிட்சை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். அந்தச் சுவிட்ச் மாட்டும்போது ஒரே ஒரு தடவைதான் தன்னைத் தானே அளவு சரிசெய்துகொள்ளும். பழையதைத் திரும்பப் போட்டால் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்து பேட்டரியைத் தின்னலாம், அல்லது பிரேக் பிடித்தும் எரியாமல் பின்னால் வருபவர் வந்து மோதலாம். கிளிப்பும் அப்படித்தான், கழற்றியது குப்பைக்கு. தண்டு பிரிந்திருக்கும் நேரமெல்லாம் வேனுக்குப் பிரேக் கிடையாது. ஸ்டியரிங்கில் அகலமான டேப் ஒட்டி 'பிரேக் இல்லை' என்று எழுதிவையுங்கள். வீட்டில் வேறு யாராவது வேனை நகர்த்தப் பார்க்கலாம்.

கோரின் மூடித் தகட்டைக் கழற்றினால், இரண்டு குழாய்களைப் பிடித்திருக்கும் சிறு தகட்டின் ஸ்க்ரூ தெரியும். கீழே தட்டும் பழைய துவாலைகளும் விரித்துவிட்டு, ஸ்க்ரூவை எடுத்து, இரண்டு குழாய்களையும் ஒரே நேரத்தில் எஞ்சின் பக்கமாகத் தள்ளுங்கள். ஒன்றை மட்டும் நெம்பினால் மற்றது வளையும். பிறகு ஒருவர் பிரேக் பெடலைக் கீழே அழுத்தி, கேஸ் பெடலை மேலே தூக்கிப் பிடிக்க, மற்றவர் கோரை இழுக்க வேண்டும். மகனின் உதவி இங்கேதான் வேண்டும்.

பழைய கோரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, நீளம், தடிமன், துளைகளின் இடைவெளி மூன்றையும் ஒப்பிடுங்கள். பழையதைச் சுற்றியிருந்த நுரைப்பட்டை புதியதிலும் அதே இடங்களில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கோரைச் சுற்றிப் போய், புதுக் கோரிலும் சூடு குறையும். குழாய் முனைகளில் படிந்த வெள்ளைப் பொருக்கைத் துணியால் தேய்த்தெடுங்கள், உப்புத்தாள் வேண்டாம். புது ஓ-ரிங்குகளில் கூலன்டையே தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். குழாய்கள் நேராக உட்கார்ந்ததைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூவைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அது பிடிப்பது பிளாஸ்டிக்கில்.

இப்போது எல்லாவற்றையும் மூட அவசரப்படாதீர்கள். புது ஹோஸ்களை மாட்டி, வடிந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி, கோர் கண்ணுக்குத் தெரியும்போதே திரும்பவும் 15 பிஎஸ்ஐ ஏற்றி அரை மணி நேரம் பாருங்கள். ஹோஸுக்குப் பழைய வகை ஸ்பிரிங் கிளாம்பையே போடுங்கள். குளிரில் ரப்பர் சுருங்கும்போது அது கூடவே இறுகும், திருகு கிளாம்ப் அப்படி இறுகாது. துவாலை காய்ந்தே இருந்தால் மூடித் தகடு, பூஸ்டர் தண்டு, புதுக் கிளிப், புதுச் சுவிட்ச் என்ற வரிசையில் மாட்டுங்கள். கிளிப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கையாலும் இழுத்துப் பாருங்கள். இந்த ஓர் இடத்தில் சந்தேகம் இருந்தால் வேனை நகர்த்தாமல், தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள்.

பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது வேனுக்குள் யாரும் இருக்க வேண்டாம். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏதோ ஒரு கனெக்டர் சரியாக உட்காரவில்லை.

கூலன்ட் கணக்கு

வீட்டில் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கே. உங்கள் வேன் முதலில் கொண்டிருந்தது கிரைஸ்லரின் எம்எஸ்-9769 தரத்துக் கூலன்ட். அதே தரத்தைக் குறிப்பிடும் ஜி-05 வகையும் சரி. ஐந்து ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் என்பது அதன் ஆயுள். பச்சைக் கூலன்டைக் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் பொருட்களின் ஆயுள் குறையும், சேறும் படியலாம். குழாய்த் தண்ணீரின் உப்புகள் மெல்லிய அலுமினியத்துக்கு எதிரி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கேனில் உள்ள தரக்குறியீட்டைப் பாருங்கள்.

பழைய கலவை போகும்வரை தண்ணீர் நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, வடித்து, தெளிவாகும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசி முறைக்குக் காய்ச்சி வடித்த நீர். இப்போது கணக்குப் போட வேண்டும். பின் ஹீட்டர் உள்ள உங்கள் வேன் மொத்தம் சுமார் 15 லிட்டர் கொள்ளும். அடி வால்வைத் திறந்தால் பாதிதான் வடியும், மீதி எஞ்சின் பிளாக்கிலும் பின் ஹீட்டரிலும் தண்ணீராகவே நிற்கும். அதன்மேல் 'பாதிக்குப் பாதி' என்று எழுதிய, முன்பே கலந்த கூலன்டை ஊற்றினால் உள்ளே இருப்பது கால் பங்கு கூலன்ட். அது −12 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும். டொரன்டோவின் ஒரு நல்ல குளிரிரவு போதும், கோர் என்ன, எஞ்சின் பிளாக்கே வெடிக்கலாம். அதனால்தான் நீர் சேர்க்காததை வாங்கச் சொன்னேன். அந்த இரண்டு கேன்களையும் முதலில் ஊற்றுங்கள், ஏழரை லிட்டர். இடம் மிச்சமிருந்தால்தான் நீர். பாதிக்குப் பாதி இருந்தால் −37 டிகிரி வரை தாங்கும். ஏழு லிட்டர்தான் உள்ளே போனது என்றாலும் −30ஐத் தாண்டிக் காக்கும். எழுபது சதவீதத்துக்கு மேல் போனால் பாதுகாப்பு திரும்பக் குறையும். கடைசியில் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்து உறைநிலையைப் படித்துவிடுங்கள். சோதனைக்கு ஊற்றிய தண்ணீரோடு வேனை ஒரு இரவுகூட வெளியே நிறுத்தக் கூடாது.

கூலன்ட் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற எஞ்சினை ஓடவிடும்போது வேன் வெளியே நிற்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு அப்படியும் வீட்டுக்குள் போகும். ஆறிய எஞ்சினில் புனலை வைத்து, முன் ஹீட்டர், பின் ஹீட்டர் இரண்டையும் முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் 90 டிகிரி வரை விடுங்கள். குமிழி நின்று, இரண்டு ஹீட்டரிலும் சூடு சீராக வந்தால் மூடலாம். இரவு ஆறவிட்டுக் காலையில் அளவைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பழைய கோர் ஏன் போனது என்பதையும் பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைக் கூலன்டிலும் வையுங்கள். உலோகத்தில் படக் கூடாது. எஞ்சின் ஓட, விளக்கும் ஹீட்டர் விசிறியும் போட்டிருக்க 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எஞ்சினை உடற்பகுதியோடு இணைக்கும் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாவிட்டால் மின்னரிப்பு புதுக் கோரையும் தின்னும்.

கிளைக்கால் தானாகக் காய்ந்துபோகாது. கார்ப்பெட்டைத் தூக்கி, அடியிலுள்ள நுரையையும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு ஊறவைத்து, வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். வழுவழுப்பு போகும்வரை மூன்று நான்கு தடவை. நுரை ஊறிப்போயிருந்தால் வெட்டியெடுத்துப் புதிது போடுவது மேல், பிள்ளை ஏறும் வேன் அல்லவா. கண்ணாடிக்கு 70 சதவீத ஐசோபுரொப்பில் ஆல்கஹாலும் சுத்தமான துணியும். காற்றுக்குழாய்களில் தங்கியது சில நாள் மணக்கும், படலமும் ஒன்றிரண்டு முறை திரும்ப வரும். இரண்டு வாரம் கழித்தும் புதிதாகப் படிந்தால் அழுத்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

பழைய கூலன்டை மூடியுள்ள கேன்களில் ஊற்றி, உள்ளே இருப்பது கூலன்ட் என்று எழுதி, நகரசபையின் ஆபத்தான வீட்டுக்கழிவு சேகரிக்கும் நிலையத்தில் கொடுங்கள். வீதியோர வடிகாலில் ஊற்றுவது சட்டப்படி குற்றம், அந்த வடிகால் நேரே ஓடைக்குப் போகிறது. முதல் வாரம் தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு நகராமல் இருந்தால் பேரப்பிள்ளையை ஏற்றலாம்.